கொட்டாமல் விற்ற பச்சைப் பெட்டிகள்

எங்கள் மீன் மார்க்கெட்டுச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் தம்பி வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பேச வரும், எழுத வராது என்று தட்டிக் கழித்துக்கொண்டே வந்தேன். போன மாதம் சும்மா ஒரு நடை மீன் மார்க்கெட்டுப் பக்கம் போனபோது, இப்போது ஏலம் கூறுகிறவர் என்னைப் பார்த்து, "ஏண்ணே, ஒங்க காலத்துல நல்ல மீனைத் தரையில கொட்டித்தான் வித்தீகளாமே? கூறுகெட்ட வேலையால்ல இருக்கு!" என்றார். அவர் கையில் செல்போன் இருந்தது. இப்போது கடற்கரையில் பெட்டி கட்டும்போதே படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வியாபாரி வீட்டில் காபி குடித்தபடியே விலை சொல்லிவிடுகிறார். படத்தில் மேல் அடுக்கு பளபளவென்று இருக்கிறது. அடியில் என்ன கிடக்கிறது என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. கூறுகெட்ட வேலை எது என்று அங்கேயே நாலு வார்த்தை சொல்ல வாய் துடித்தது. நரைத்த தலைக்கு மரியாதை வேண்டுமே என்று அடக்கிக்கொண்டு வில்லாபுரத்துக்கு பஸ் ஏறி, வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் கீழக்குயில்குடிப் பக்கம். பெயர் சோணைமுத்து. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். எங்களுக்கு மீன் என்றால் கண்மாய் வற்றும்போது அகப்படும் கெளுத்தியும் கெண்டையும்தான். பத்தாவதில் கோட்டை விட்டதும் மதுரை மீன் மார்க்கெட்டில் காதர் பாய் கமிஷன் கடைக்கு லோடுமேனாக வந்து சேர்ந்தேன். கடல் மீனின் பெயர் ஒன்றுகூடத் தெரியாது. ஓரா மீனின் பெயரை அது என் உள்ளங்கையில் முள்ளால் குத்தித்தான் சொல்லிக்கொடுத்தது. மதியம் வரைக்கும் கை கடுத்தது. மற்ற மீன்கள் அந்த அளவுக்குக் கண்டிப்பாகப் பாடம் நடத்தவில்லை, இருந்தாலும் படித்துவிட்டேன்.

சில வருஷம் பெட்டி தூக்கினேன். எங்கள் கடையில் ஏலம் கூறிக்கொண்டிருந்தவர் மகளோடு இருக்கப் போகிறேன் என்று திருப்பூருக்குப் போனார். பாய் என்னைக் கூப்பிட்டு, "சோணை, இங்க நின்னபடியே டீக்கடைக்கு ஒரு குரல் குடு" என்றார். டீக்கடை மார்க்கெட்டின் அந்தக் கோடியில். நடுவே நூறு வாய் கத்திக்கொண்டிருந்தது. "பாய் கடைக்கு ரெண்டு டீ" என்று ஒரு சத்தம் போட்டேன். டீ வந்தது. நான் ஏலக்காரன் ஆனேன். எனக்கு நடந்த ஒரே நேர்முகத் தேர்வு அதுதான்.

காதர் பாயைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் கடையைப் பற்றிச் சொல்ல முடியாது. கோரிப்பாளையத்துக்காரர். ஒல்லியான ஆள், குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. எங்களையெல்லாம் வா, போ என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் வாங்க, போங்க என்று மரியாதைக்கு மாறிவிடுவார். அவர் வாயிலிருந்து "நீங்க" வந்துவிட்டால் கடையில் ஈகூடப் பறக்காது. ஏலம் நடக்கும்போது உட்கார மாட்டார். வியாபாரி நிற்கிறான், நாம் உட்கார்ந்திருக்கலாமா என்பது அவர் கணக்கு.

பெட்டி இறங்கியதும் அவர் முதலில் மீனைப் பார்ப்பதில்லை. பெட்டியின் அடியில் தண்ணீர் வடிவதற்கு ஓட்டை இருக்கும். அதற்குக் கீழே கையை ஏந்தி, ஐஸ் உருகி வடிகிற தண்ணீரைப் பிடிப்பார். நிறம் பார்ப்பார், மோந்து பார்ப்பார். இளஞ்சிவப்பாக, கடல் வாடை மட்டும் அடித்தால் புது மீன். சாம்பல் நிறத்தில் வழவழத்தால் படகிலேயே பல நாள் கிடந்து ஐஸ் மாற்றி ஐஸ் மாற்றி வந்த மீன். அதற்குப் பிறகு, "கொட்டு" என்பார். இரண்டு லோடுமேன்கள் பெட்டியைக் கழுவிய சிமெண்டுத் தரையில் கவிழ்ப்பார்கள். மேல் அடுக்கு அடிக்குப் போகும், அடி அடுக்கு மேலே வரும். வியாபாரிகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். அதற்கப்புறம்தான் நான் வாயைத் திறக்கலாம்.

வாயைத் திறந்தாலும் விலையைத் தவிர வேறொன்றும் பேசக் கூடாது என்பது பாய் வைத்த சட்டம். வேறு கடைகளில் "துள்ளுது பாருங்க, இப்பத்தான் கடல்ல இருந்து வந்துச்சு" என்று ஏலக்காரர்கள் அடித்துவிடுவார்கள். மதுரைக்கும் கடலுக்கும் இருக்கிற தூரத்துக்கு எந்த மீன் துள்ளிக்கொண்டு வரும்? பாய் என்னிடம் முதல் நாளே சொல்லிவிட்டார்: "நம்ம வாயி வெலையச் சொல்லணும். மீனைப் பத்தி மீனே சொல்லிக்கும்."

கொட்டினால் மீனுக்குச் சேதம்தான், நான் மறுக்கவில்லை. செதில் உரியும், ஐஸ் சிதறும், மறுபடி அள்ளிக் கட்ட வேண்டும். இருந்தாலும் வாங்குகிறவன் ஏமாறக் கூடாது என்றால் அதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை. தெருவில் கூடை தூக்கி விற்கிற பெண்கள் எங்கள் கடையை நம்பி வந்தது அதற்காகத்தான்.

எல்லாப் பெட்டியும் கொட்டப்படும் அந்தக் கடையில் ஒரே ஓர் ஊரின் பெட்டிகளை மட்டும் கொட்ட மாட்டோம். ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரச் சிற்றூர் அது. பெயரை எழுதவில்லை, அங்கே இன்னும் பிள்ளை குட்டிகளோடு ஜனங்கள் இருக்கிறார்கள். அவர்கள் வள்ளம் என்கிற சிறிய நாட்டுப்படகுகளில் கரையோரமாக வலை வைத்து, அன்று போய் அன்றே திரும்புகிறவர்கள். மற்ற மீனெல்லாம் பெரிய விசைப்படகுகளில் வரும். அதை மார்க்கெட்டில் "போட்டு மீன்" என்போம். இந்த ஊர்ப் பெட்டிகளில் மட்டும் பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கும். ஆரம்பத்தில் அவற்றையும் பாய் கொட்டச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஒரு பருவம் முழுக்கக் கொட்டிப் பார்த்தும் மேலே இருந்த மீனுக்கும் அடியில் இருந்த மீனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு நாள் காலை, "இனிமே பச்சைப் பெட்டியக் கொட்டாத. அப்படியே வித்துரு" என்றார்.

அந்த ஒரு வார்த்தை அந்த ஊருக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது. பச்சைப் பெட்டிதான் தினமும் முதலில் விற்கும். மீன் நசுங்காது. மெஸ்காரர்கள் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் எடுத்துப் போவார்கள். ஓரா, விளமீன், பாரை, சில நாள் சீலா, எல்லாம் தலை ஒரு பக்கமாக அடுக்கியிருக்கும். அடுக்கியவர் சவேரியம்மா என்று லாரி டிரைவர் பாலு சொல்லித்தான் தெரியும். ஊர்ப் படகுகளின் மீனை எல்லாம் வாங்கி, ஐஸ் உடைத்து, பெட்டி கட்டி அனுப்புவது அந்த அம்மாதான். போனில் பேசுவோம், முகம் பார்த்ததில்லை.

போட்டு மீனின் கதை வேறு. விசைப்படகுகள் இழுவைமடியைக் கடலடியில் விட்டு இழுத்துக்கொண்டே போகும். அந்த மடி நல்லது பொல்லாதது பார்க்காது. நான் கடலை நேரில் பார்த்தது வெகு காலத்துக்குப் பிறகு. அதற்கு முன்பே கடலின் அடித்தரையை எங்கள் கடைத் தரையில் பார்த்துவிட்டேன். பெட்டியைக் கொட்டினால் மீனோடு வேரோடு பிடுங்கிய கடல்புல் வரும், உடைந்த பவளத் துண்டு வரும், நட்சத்திர மீன் வரும், விரல் நீளத்தில் கடல்குதிரை வரும். ஏலம் முடிந்ததும் விளக்குமாறு வைத்து அதையெல்லாம் சாக்கடைக்குத் தள்ளுவோம். முதலில் வேடிக்கையாக இருந்தது. வருஷம் ஆக ஆகத் தள்ள வேண்டிய புல் குறைந்தது. சுத்தமாகப் பெட்டி கட்டுகிறார்கள் போல என்று நினைத்தேன். பிடுங்கப் புல் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

மீனின் அளவும் இறங்கிக்கொண்டே வந்தது. கை அகலம் இருந்த சங்கரா விரல் அகலத்துக்கு வந்தது. அதையும் விடப் பொடியாகச் சிக்கியது மார்க்கெட்டுக்கே வராமல் நேராகக் கோழித் தீவன ஆலைக்கு லாரி லாரியாகப் போனது. அதைக் கழிசல் என்பார்கள். பாதிக்கு மேல் நல்ல மீனின் குஞ்சுதான், வளர விட்டிருந்தால் எங்கள் தரைக்கு வந்திருக்கும். விசைப்படகில் போகிறவர்களைத் திட்டி எழுத நான் உட்காரவில்லை. அவர்களும் கூலிக்குத்தான் போகிறார்கள். மதுரையில் நாம் ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைக்கிற மீனில் முக்கால்வாசி அவர்கள் பிடித்தது. அந்த மீனை வாழ்நாள் பூராவும் ஏலம் கூறிச் சோறு தின்றவன் நான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாள் காலை, வெயில் ஏறும் நேரம், கோரிப்பாளையத்தில் மெஸ் நடத்தும் கண்ணன் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வந்தார். பச்சைப் பெட்டியை மாத்திரம் வாங்குகிற ஆள். பையைத் தரையில் கவிழ்த்தார். விளமீனும் ஓராவும்தான், வேறு மீன் இல்லை. ஆனால் வயிறு பிதுங்கி, ஒரு பக்கம் செதில் தேய்ந்து, அதில் பாதி குஞ்சு.

"மேல நல்லாத்தாண்ணே இருந்துச்சு. கீழ அம்புட்டும் இதான். பச்சைப் பெட்டியிலயே இப்படின்னா நாங்க யாரைண்ணே நம்புறது?"

பாய் ஒரு மீனை எடுத்துச் செவுளைத் திறந்தார். தோள் துண்டின் நுனியை உள்ளே விட்டுத் துடைத்தார். துண்டில் சேறு ஒட்டியது. நாட்டுப்படகு வலையில் சிக்கிய மீனின் செவுளில் சேறு இருக்காது. கடலடியில் இழுபட்டு, மடியின் வால் பக்கத்தில் மற்ற மீன்களோடு நசுங்கி வந்த மீனுக்குத்தான் அப்படி இருக்கும். கண்ணனுக்கு வேறு நல்ல மீன் கொடுத்து அனுப்பினார். அடுத்த நாள் கொட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அந்த வாரமே இன்னொரு வியாபாரியும் அதே குறையோடு வந்தார்.

அன்றைக்குப் பாய் என் பக்கம் திரும்பி, "நாளைக்கு லாரியில நீங்க போயிட்டு வாங்க. என்ன நடக்குதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் "நீங்க" என்றுவிட்டார்.

காலையில் காலிப் பெட்டிகளோடு பாலுவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். பரமக்குடி தாண்டும் வரை பாலு வாயைத் திறக்கவில்லை. வழக்கமாக அவன் வாயை மூட வைப்பதுதான் கஷ்டம். மெயின் ரோட்டிலிருந்து அந்த ஊருக்கு ஒரு மண்சாலை பிரிகிறது. இரண்டு பக்கமும் உடைமரம். அதில் வெகுதூரம் உள்ளே போக வேண்டும். பத்துப் பெட்டியாவது நிறைந்திருந்தால்தான் லாரி அந்தச் சாலையில் திரும்பும் என்று லாரிக்காரர் பேசி வைத்திருந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

நாங்கள் போன நேரம் படகுகள் கரை ஏறிக்கொண்டிருந்தன. கடலை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தார். கழுத்தில் ஜெபமாலை, இடுப்பில் சொருகிய சேலை, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்.

"சோணைதான? ஏலத்துல கத்துற மாதிரியேதான் போன்லயும் கத்துவ. கேட்டுக் கேட்டு எங் காதே போச்சு. பாய் அனுப்பிச்சாரா?"

"ஆமாக்கா."

"அப்ப தெரிஞ்சுபோச்சு. உக்காரு தம்பி. நான் பெட்டி கட்டுறதப் பாத்துட்டு அப்புறம் பேசு."

அவருடைய வீட்டுக்காரர் படகிலிருந்து வலையை இறக்கி மணலில் விரித்தார். நடுவே ஒரு ஆள் நுழைந்து போகலாம், அவ்வளவு பெரிய கிழிசல். ராத்திரி வலை வைத்திருந்த இடத்தில் விசைப்படகு மடி இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. கரையோரத்தில் அந்தப் படகுகள் வரக் கூடாது என்றுதான் சட்டம். அவர் கிழிசலின் ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்தார், ஊசியைத் தேடப் போனார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டித் திட்டி அலுத்துப்போன வீடு என்று அப்புறம் புரிந்தது.

ஊர்ப் படகுகள் எல்லாம் கொண்டுவந்த மீனைச் சேர்த்தும் ஐந்து பெட்டி தேறவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு டிவிஎஸ் வண்டியில் இரண்டு பெரிய பிளாஸ்டிக் டப்பு நிறைய மீன் வந்து இறங்கியது. விசைப்படகுகள் நிற்கும் ஜெட்டியிலிருந்து வாங்கிய மீன். சவேரியம்மா பெட்டியில் முதலில் ஐஸ் பரப்பினார். ஜெட்டி மீனை அடுக்கினார். மறுபடி ஐஸ். அதற்கு மேல் ஊர் மீனை, தலை ஒரு பக்கமாக, வழக்கம் போல அழகாக அடுக்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒளிச்சு வச்சா பண்றேன்? ஒன் கண்ணு முன்னாடிதான வைக்கிறேன்" என்றார்.

"ஏன்க்கா இப்படி?"

"பத்துப் பெட்டி இல்லேன்னா பாலு திரும்ப மாட்டான். அவனச் சொல்லிக் குத்தமில்ல. டீசல் என்ன அவங்க அப்பன் வீட்டுலயா ஊறுது?" பாலு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். "லாரி வராட்டி இந்த மீனை நான் ஜெட்டிக்குத்தான் தூக்கிட்டுப் போகணும். அங்க ஏலம் பூராவும் போட்டு ஓனருக கையில. ராத்திரி எங்க வலைய அறுத்துட்டுப் போறவன், விடிஞ்சதும் எங்க மீனுக்கு வெல சொல்லுவான். அவன் முன்னாடி நான் போயி நிக்கணுமா தம்பி? அதுக்குத்தான் பெட்டிய நெரப்புறேன்."

"அதுக்காகப் போட்டு மீனைப் பச்சைப் பெட்டியில வைக்கலாமாக்கா? உங்க ஊருப் பேரு கெட்டுப்போகாதா?"

அவர் கையில் இருந்த ஐஸ் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"இந்த மீனைப் புடிச்சது யாரு தெரியுமா? எம் மகன் அந்தோணி. வலை கிழிஞ்சு கிழிஞ்சு பொழப்பு ஓடாமத்தான் அவன் போட்டுக்குக் கூலிக்குப் போனான். எங்க புடிச்சாங்க தெரியுமா? இந்தா, இங்கருந்து கூப்பிடு தூரம். எங்க பாட்டன் காலத்துல இருந்து நாங்க வலை வைக்கிற பாருல. எங்க கடல்ல வெளைஞ்ச மீனு, எம் மகன் கையால புடிச்ச மீனு. அத எங்க பெட்டியில வச்சா பொய்யிங்கிற. எதுல பொய்யின்னு நீயே சொல்லு."

பார் என்பது கடலடியில் மீன் அடைந்து கிடக்கும் பவளத் திட்டு. கிழிந்த வலையைப் பார்த்தேன். முந்தின ராத்திரி அதை இழுத்துக் கிழித்த படகில் அந்தோணி இருந்தானா இல்லையா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. அந்த வீட்டிலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது.

மறுநாள் ஏலம் முடிந்ததும் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தரை கழுவுகிற தண்ணீர் காலடியில் ஓட, நின்றபடியே கேட்டார். கேட்டு முடித்ததும், "மீனு பொய்யி சொல்லல சோணை. அந்தம்மாவும் சொல்லல. பெட்டிதான் சொல்லுது. பச்சைன்னா வள்ளத்து மீனுன்னு நாமதான ஊருக்கே சொல்லி வச்சோம்" என்றார். "சோணை" என்று பழையபடி கூப்பிட்டதில் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

"அப்ப கொட்டிரலாமா பாய்?"

"கொட்டத்தான் வேணும். ஆனா அந்தம்மா இல்லாதப்ப கொட்டக் கூடாது. கொட்டாம வித்த பெட்டிய ஆளில்லாதப்ப கொட்டுனா, அது திருடனப் புடிக்கிற மாதிரி. வரச் சொல்லு. பாலுகிட்ட, அரைப்பெட்டி இருந்தாலும் அன்னைக்குத் திரும்பச் சொல்லு."

சவேரியம்மா வந்தார். லாரியில் உட்கார்ந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. விடிந்து வெளிச்சம் பரவிக்கொண்டிருந்தது, கடை முன்னால் வியாபாரிகள் நெருக்கியடித்து நின்றார்கள். பச்சைப் பெட்டியைக் கொட்டப் போகிறார்கள் என்ற சேதி எப்படியோ மார்க்கெட் முழுக்கப் பரவி, வாங்க வராதவர்களும் வந்து நின்றார்கள். பாய் அந்த அம்மாவிடம் மெதுவாக, "கூட்டம் கொறையட்டும்மா, கடைசியில பாத்துக்கலாம்" என்றார்.

"இத்தன நாளும் எங்க பெட்டிய முதல்லதான வித்தீக? கொட்டுறதயும் முதல்லயே கொட்டுங்க" என்றார் சவேரியம்மா. லோடுமேன் பெட்டியில் கை வைக்கப் போனார். அவரை விலக்கிவிட்டு, சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு, தானே ஒரு பக்கத்தைத் தூக்கிக் கவிழ்த்தார்.

சலசலவென்று ஐஸ்தான் கொட்டியது. ஐஸுக்கு நடுவே விளமீனும் ஓராவும். எல்லாம் ஊர் மீன், ஜெட்டி மீன் ஒன்றுகூட இல்லை. செவுள் சிவப்பாக, கண் தெளிவாக, ஒன்றுகூட நசுங்காமல் இருந்தது. ஆனால் பாதிப் பெட்டிகூட இல்லை. அடுத்தடுத்த பெட்டிகளையும் கவிழ்த்தார். எல்லாம் பாதிக்குக் கீழே. ஏமாற்று மீனைப் பார்க்க வந்தவர்கள் குனிந்து ஐஸை விலக்கித் தேடினார்கள். பின்னால் இருந்து ஒரு வியாபாரி, "என்னக்கா, மீதிப் பாதியப் பூனை தின்னுருச்சா?" என்றார். சிரிப்பு எழுந்தது.

பக்கத்தில் அடுத்த ஏலத்துக்காகப் போட்டு மீனைக் கொட்டிக் குவித்திருந்தோம். சவேரியம்மா அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையால் கிளறினார். விரல் நீளத்தில் ஒரு விளமீன் குஞ்சை எடுத்தார். இன்னொன்று எடுத்தார். இன்னும் எடுத்துக்கொண்டே இருந்தார். உள்ளங்கை நிறைந்ததும் எழுந்து வந்து, தன் ஊரின் பெரிய விளமீன்களுக்குப் பக்கத்தில் அவற்றை வரிசையாக வைத்தார்.

"இந்தா இருக்கு தம்பி மீதிப் பாதி. வளர விட்டிருந்தா பெட்டி நெறஞ்சிருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. மீனைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது சட்டம். அன்றைக்கு அந்தச் சட்டம் இருந்தது நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் ஏதாவது உளறி அழுதிருப்பேன். விலையை மட்டும் கூறினேன். கண்ணன்தான் முதலில் கேட்டார். மற்றவர்களும் போட்டிபோட்டுக் கேட்டார்கள். இருந்த கொஞ்ச மீனும் நல்ல விலைக்குப் போனது. பரிதாபத்தில் கேட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். மார்க்கெட்டில் பரிதாபத்துக்கு யாரும் மீன் வாங்க மாட்டார்கள். கொட்டிப் பார்த்தார்கள், மீன் நன்றாக இருந்தது, வாங்கினார்கள்.

கிளம்பும்போது பாய் அவரிடம், "இனி தினமும் கொட்டித்தாம்மா விப்போம். அரைப்பெட்டின்னாலும் வண்டி ஊருக்குள்ள வரும். லாரிக்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார்.

"அரைப்பெட்டி இருக்குற வரைக்கும் வரட்டும் பாய். நான் வாரேன்" என்று சொல்லிவிட்டு சவேரியம்மா காலிப் பெட்டிகளோடு லாரியில் ஏறிக்கொண்டார்.

பாய் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், லாரி வாடகையில் குறைந்ததைத் தன் கையிலிருந்து கொடுத்தார். அதற்காக அவருடைய மகன்களோடு அவருக்கு மனஸ்தாபம்கூட வந்தது. ஊர்க்காரர்கள் விசைப்படகுகளுக்கு எதிராக மனு கொடுத்தார்கள், சாலையில் உட்கார்ந்தார்கள். சில நாள் ரோந்துப் படகு வரும், எல்லை தாண்டி வந்த விசைப்படகைப் பிடிப்பார்கள், கொஞ்ச நாளில் அதே படகு மறுபடி வரும். வருஷத்தில் ஒரு தடவை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். அப்போது பச்சைப் பெட்டி தானாக ஏறும். பாதி முக்காலாகும், ஒரு சில நாள் முழுசாகவும் வந்தது. கொட்டும்போது சீலாவைப் பார்த்தால் எங்கள் லோடுமேன்கள் விசில் அடிப்பார்கள். தடை முடிந்து சில நாளிலேயே பழையபடி இறங்கிவிடும். ஐஸுக்கு நடுவே மீனைத் தேட வேண்டியிருக்கும். ஒவ்வொரு வருஷமும் இதை நான் பார்த்தேன். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், ஆனால் இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

காதர் பாய் காலமான பிறகும் மகன்கள் கொஞ்ச காலம் லாரியை அனுப்பினார்கள். குறை சொல்லக் கூடாது. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம், ஒரு நாள் காலை லாரி வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வந்து நின்றது. பச்சைப் பெட்டி ஒன்றையும் காணோம். பாலுவைக் கேட்டேன்.

"அந்தம்மாவே போன் போட்டுட்டாங்கண்ணே. இனிமே திரும்ப வேணாமாம். ஊருல வலை வைக்க ஆளும் இல்ல, மீனும் இல்லன்னாங்க. வள்ளத்தையும் வித்துட்டாங்களாம்."

"அந்தோணி என்ன பண்றான்?"

"அவன் இன்னும் போட்டுலதாண்ணே. நேத்து ஏலத்துல கூறுனீகள்ல, அந்தச் சங்கரா? அது அவன் போட்டு மீனுதான்."

வியாபாரிகள் காத்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த பெட்டியைக் கொட்டச் சொன்னேன்.